மறதியல்ல, மறத்தல்

எங்கள் வீட்டில் நான்கு பேர். நாங்கள் இருவர், அம்மா, மகள். 2021 தை மாதத்தில், ஒஸ்லோவின் புறநகர் ஒன்றில், வெளியே முழங்காலளவு பனி கிடக்க, நாங்கள் நான்கு பேரும் ஒரு சீனத் தொலைக்காட்சித் தொடருக்கு முன்னால் உட்கார்ந்தோம். கொரோனாக் காலம். மகளின் பல்கலைக்கழகம் அவளுடைய அறைக்குள் கணினித் திரையாகச் சுருங்கியிருந்தது. அம்மாவின் கோயிலும், வயதானவர்கள் கூடிக் கதைக்கும் மண்டபமும் பூட்டிக் கிடந்தன. தமிழ்த் தொடர்களில் மாமியும் மருமகளும் படுகிற சண்டை அம்மாவுக்கு அலுத்துப் போயிருந்தது.

"அம்மம்மா, நான் ஒண்டு பாக்கிறன். வாறீங்களா?" என்று மகள்தான் கூப்பிட்டாள்.

சீனத் தொடர் என்றதும் நாங்கள் வாள்வீச்சையும் அடிதடியையும் எதிர்பார்த்தோம். வந்தது ஒரு காதற் கதை. போருக்கு நடுவே முளைத்துப் போராலேயே வெட்டப்பட்ட காதல். சீன மொழியில் அதன் பெயர் 'தோங் குங்'. கிழக்கு அரண்மனை என்று பொருள். பட்டத்து இளவரசன் வாழும் மாளிகைக்கு அங்கே அதுதான் பெயர். ஃபெய் வோ ஸி சுன் என்ற புனைபெயரில் எழுதும் பெண் எழுத்தாளரின் 2010ஆம் ஆண்டு நாவலைத் தழுவி எடுக்கப்பட்டது. 2019 பெப்ரவரி 14இல், காதலர் தினம் பார்த்து, யோக்கு என்ற சீன இணையத்தளத்தில் வெளிவரத் தொடங்கியது. 50 பாகங்களுக்கு மேல். இளவரசியாகப் பெங் சியாவ்ரான், இளவரசனாகச் சென் சிங்சு.

அம்மாவுக்குச் சீனம் தெரியாது. திரையின் கீழே ஓடுகிற ஆங்கிலத்தைப் படித்துப் பிடிக்கிற வேகமும் கிடையாது. ஆகவே மகள் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. நாங்கள் தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை அவள். தமிழ் விளங்கும், வாயில் வராது. எங்கள் வீடுகளில் பெரும்பாலும் இதுதானே நிலைமை. இப்போது இரவுக்கு இரண்டு பாகம், பாகத்துக்கு முக்கால் மணித்தியாலம், அவள் தமிழில் கதைத்தே ஆகவேண்டும். சொல் கிடைக்காதபோது எங்களைத் திரும்பிப் பார்ப்பாள். சத்தியம், முற்றுகை, பணயம் என்று நாங்கள் எடுத்துக் கொடுப்போம். ஊரிலிருந்து கொண்டுவந்து திறக்காமலே வைத்திருந்த பெட்டியொன்றிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது போலிருக்கும்.

கதை இதுதான். மேற்கே, பாலைவனத்தின் ஓரத்தில், ஷிஜோ என்றொரு சிறு நாடு. அதன் அரசனுக்கு ஒன்பதாவது மகள் சியாவ்ஃபெங். தாய்வழிப் பாட்டனார் தான்ச்சி என்ற மேய்ச்சற் குடியின் தலைவர். கிழக்கே லி என்னும் பேரரசு. பேரரசு ஒருபுறமும் இன்னொரு குடியினர் மறுபுறமும் அவளைப் பெண் கேட்கிறார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவன் பகை. சிவப்பு உடுப்போடு குதிரையில் திரிகிற அந்தப் பெண்ணுக்கு இரண்டிலும் விருப்பமில்லை. பாலைவனத்தில் தேயிலை விற்க வந்த வாலிபன் ஒருவனைச் சந்திக்கிறாள். அவன் வியாபாரியல்ல. லி பேரரசனின் ஐந்தாவது மகன், லி செங்யின். தன் அரண்மனைப் பகைவர்களை வெல்வதற்கு ஒரு போர் வெற்றி அவனுக்குத் தேவை. அந்த வெற்றிக்குத் தான்ச்சிக் குடியினரின் இருப்பிடம் தெரிய வேண்டும். அதற்கு அந்தப் பெண் வழி.

தான்ச்சியின் கால்நடைகளைத் தின்று திரிந்த ஓநாய்த் தலைவனைக் கொன்று வந்து பாட்டனின் சம்மதத்தைப் பெறுகிறான். அவள் கேட்டாளென்பதற்காக இரவில் மின்மினிப் பூச்சிகளைப் பிடித்துக் கொடுக்கிறான். அந்தக் காட்சியில் அம்மாவுக்கு அவளை மிகவும் பிடித்துப் போயிற்று.

"நகை கேக்கேல்லை, வளவு கேக்கேல்லை, மின்மினி கேட்டிருக்கிறாள். நல்ல பிள்ளை" என்றார்.

கல்யாண நாளன்று, விருந்து நடக்கும்போது, லி பேரரசின் படை வந்து இறங்குகிறது. மாப்பிள்ளையின் படை. பாட்டனாரும் அந்தக் குடியும் அழிகிறார்கள். மகள் அந்த இடத்தில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை. குதிரைச் சத்தமும் அலறலும் எல்லா மொழியிலும் ஒன்றுதான். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார்.

அதன்பிறகுதான் அந்த ஆறு வருகிறது. தான் யாரைக் காதலித்தாள் என்று தெரிந்துகொண்ட பெண் ஒரு மலைமுகட்டிலிருந்து ஆற்றில் குதிக்கிறாள். அந்த நீரில் விழுந்தவர் பட்டதெல்லாவற்றையும் மறந்துபோவார் என்பது அந்தப் பகுதியின் நம்பிக்கை. அவனும் பின்னாலேயே குதிக்கிறான். இருவரும் பிழைக்கிறார்கள். இருவரும் மறந்துபோகிறார்கள்.

"மறதி ஆறு" என்று மகள் மொழிபெயர்த்தாள்.

அம்மா திருத்தினார். "மறதியில்லைப் பிள்ளை, மறத்தல். மறதி எண்டால் திறப்பை எங்கை வைச்சனெண்டு தெரியாமல் நிக்கிறது. அது தானாய் வாறது. இது வேணுமெண்டு செய்யிறது."

எங்கள் இருவருக்கும் அந்த வித்தியாசம் அதுவரை தோன்றியதில்லை.

சீனரின் நம்பிக்கையில் இந்த ஆறு சாவுக்கு அப்பால் ஓடுவது. இறந்தவர்கள் மறுபிறப்புக்குப் போகுமுன் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். மெங் போ என்ற கிழவி அங்கே ஒரு வகைக் கஞ்சி கொடுப்பாள். குடித்தால் முற்பிறப்பின் உறவும் பகையும் நினைவில் நிற்காது. அதைக் குடிக்காமல் எவரும் புதிதாகப் பிறக்க முடியாது. தொடரை எழுதியவர்கள் இதை உயிரோடிருப்பவர்களுக்கு ஆக்கிவிட்டார்கள். செத்துப் பிழைத்தவர்கள், எல்லாவற்றையும் மறந்துவிட்டு, வேறொரு நாட்டில், வேறு பெயரும் வேறு உடுப்புமாகப் புதிதாகப் பிறக்கிறார்கள். விமான நிலையங்களில் எங்களுக்கும் யாரோ இந்தக் கஞ்சியை நீட்டியதாகவே எங்களுக்குத் தோன்றியது. சிலர் குடித்தோம். சிலர் குடித்ததாக நடித்தோம்.

* * *

மூன்று வருடம் கழித்து, அதே பெண் அதே ஆணுக்கு, ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமலே, அரசியல் மணம் செய்து கொடுக்கப்படுகிறாள். இப்போது அவன் பட்டத்து இளவரசன். அவள் கிழக்கு அரண்மனையின் தலைவி. தான்ச்சி அழிந்தது அவளுக்குத் தெரியாது. இருமுவதற்குக்கூட ஒழுங்குமுறை உள்ள மாளிகை. இரவில் ஆண் உடுப்புப் போட்டுக்கொண்டு, தன் தோழி ஆ-துவோடு மதில் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் அவளுடைய சுதந்திரம். ஊர்ப்பாட்டு ஒன்று மட்டும் மறக்கவில்லை. மணல்மேட்டில் காத்திருக்கும் ஒரு நரியைப் பற்றிய பாட்டு. எங்கே யாரோடு பாடியது என்று தெரியாமலே பாடிக்கொண்டிருப்பாள்.

ஷிஜோ என்ற பெயர் முழுக்கக் கற்பனை என்றுதான் முதலில் எண்ணினோம். அப்படியல்ல. இன்றைய சீனாவின் வடமேற்கில், துர்ப்பான் பள்ளத்தாக்கில், காவோசாங் என்றொரு சிறிய அரசு இருந்தது. சூ என்ற குடும்பம் சுமார் 140 ஆண்டுகள் அதை ஆண்டது. தொடரில் வரும் இளவரசியின் குடும்பப் பெயரும் ஒலியில் அதுவேதான். 640இல் தாங் வம்சத்துப் பேரரசர் தாய்சோங் தன் தளபதி ஹோ ஜுன்ஜியைப் படையோடு அனுப்பினார். பாலைவனத்தைத் தாண்டி ஒரு படை வராது என்று நம்பியிருந்த அரசன் சூ வென்தாய், படை நெருங்குகிற வேளையில் இறந்துபோனான். மகன் பணிந்தான். நாடு ஒரு மாவட்டமாயிற்று. அந்த மாவட்டத்துக்குப் பேரரசு வைத்த பெயர்தான் ஷிஜோ. மேற்கு மாவட்டம். அதாவது தோற்ற பிறகு கிடைத்த பெயரைத்தான் தொடர் தோற்காத நாட்டுக்குச் சூட்டியிருக்கிறது.

இதே சூ வென்தாயை எங்களில் பலர் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தின் ஓரத்தில் கடந்திருக்கிறோம், பெயர் தெரியாமல். 630 அளவில் யுவான் சுவாங் இந்தியாவுக்குப் போகும் வழியில் இவனுடைய விருந்தாளி. அரசன் அவரைப் போகவிட மறுத்தான். அவர் உண்ணாமல் இருந்தார். கடைசியில் இருவரும் சகோதரர்களாகச் சத்தியம் செய்துகொண்டார்கள். திரும்பி வரும்போது மூன்று வருடம் காவோசாங்கில் தங்குவதாக யுவான் சுவாங் வாக்குக் கொடுத்தார். வழிநெடுக இருந்த அரசர்களுக்குக் கடிதங்களும் பொருளும் கொடுத்து அரசன் அனுப்பிவைத்தான். 640ஐ ஒட்டிய காலத்தில் யுவான் சுவாங் காஞ்சிபுரத்தில் நின்றார். அங்கிருந்து இலங்கைக்குப் போக நினைத்தவர், அரசன் இறந்து பஞ்சமும் குழப்பமுமாய் இருக்கிறதென்று தீவிலிருந்து தப்பி வந்த பிக்குகள் சொல்லக் கேட்டுப் போகாமல் விட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் வடக்கே அவருடைய சகோதரனின் நாடும் இல்லாமற் போய்க்கொண்டிருந்தது. 645இல் சீனத் தலைநகர் சாங்கானுக்குத் திரும்பியபோது, வாக்கைக் காப்பாற்றப் போவதற்கு ஓர் அரசனும் இல்லை, ஓர் அரசும் இல்லை. அந்த நாட்டை அழித்த அதே பேரரசர்தான் அவரை வரவேற்றார்.

துர்ப்பானுக்கு அருகே அஸ்தானா என்னும் இடத்தில் பழைய மயானம் ஒன்று உண்டு. 1959 முதல் அங்கே தொல்லியலாளர்கள் தோண்டியபோது, பிணங்களுக்கு அணிவித்திருந்த சப்பாத்துகளும் தொப்பிகளும் கழித்துவிட்ட காகிதத்தால் செய்யப்பட்டவை என்று கண்டார்கள். பிரித்துப் பார்த்தால் குடும்பப் பதிவுகள், கடன் பத்திரங்கள், வழக்கு விபரங்கள். யார் யாருக்கு எவ்வளவு கடன், எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் இறந்தவர்களின் காலில் மிஞ்சியிருந்தது. அரசன் போனான், மொழி மாறியது. சப்பாத்து நினைவு வைத்திருந்தது.

இதை அம்மாவுக்குச் சொன்னபோது, "எங்கடை வளவு உறுதியை நான் சட்டைக்குள்ளை வைச்சுத் தைச்சுக்கொண்டு வந்தனான், ஞாபகமிருக்கோ?" என்றார். இருந்தது.

பெண்ணைக் கொடுத்து எல்லையை அமைதிப்படுத்துவது சீனச் சரித்திரத்தில் வழக்கமான காரியம். பெரும்பாலும் பேரரசின் பெண்தான் பாலைவனத்துக்கு அனுப்பப்படுவாள். கி.மு. 105 அளவில் லியு ஷிஜுன் என்ற ஹான் இளவரசி, மேற்கே ஊசுன் நாட்டின் கிழட்டு அரசனுக்குக் கொடுக்கப்பட்டாள். பேசத் தெரியாத மொழி, பழகாத சாப்பாடு, கூடார வாழ்க்கை. ஊர் நினைவில் அவள் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு இன்றும் இருக்கிறது. அவள் சில வருடத்தில் இறந்துபோக, அவளுடைய இடத்துக்கு அனுப்பப்பட்ட ஜியேயு சுமார் 50 வருடம் அங்கே வாழ்ந்தாள். கி.மு. 51இல், 70 வயதில், என் எலும்பாவது ஊரில் கிடக்கட்டும் என்று மன்றாடித் திரும்பி வந்தாள். இரண்டு வருடம் இருந்து கண்மூடினாள். இந்தத் தொடர் வழமையைத் தலைகீழாக்குகிறது. இங்கே சிறிய நாட்டின் பெண் பெரிய நாட்டுக்கு வருகிறாள். திசை மாறியதே தவிர, பெண் மாறவில்லை.

* * *

மறந்துபோன இருவரும் மெல்ல மெல்ல மறுபடி காதல் கொள்கிறார்கள். இங்கேதான் எங்கள் இருவருக்குள்ளும் தகராறு வந்தது. எங்களில் ஒருவர், இதுதான் உண்மையான காதல் என்றார். பகையும் பதவியும் தெரியாத நிலையிலும் அதே இரண்டு மனங்கள் ஒன்றையொன்று தேடி வருகின்றனவே, அப்படியானால் பாலைவனத்தில் அவன் நடித்தது முழுவதும் நடிப்பல்ல. மற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை. மறந்தவன் இன்னொருமுறை காதலிப்பது சுலபம், கொன்றவன் தான் கொன்றதை மறப்பதைப்போல் சௌகரியம் வேறென்ன இருக்கிறது, அவளுக்கு மறதி மருந்து, அவனுக்கு மறதி மன்னிப்பு, இரண்டும் ஒரே ஆற்றுத் தண்ணீராக இருக்கலாம், ஒரே காரியம் ஆகிவிடாது என்றார். சோறு ஆறிப்போகும்வரை வாதாடினோம்.

அம்மாவுக்கு இந்த வாதத்தில் அக்கறையில்லை. "சகுந்தலை கதைதான்" என்று முதலில் சொன்னவர், பிறகு தலையாட்டினார். "இல்லை. அதிலை முனிவற்ரை சாபம். இதிலை சாபம் போட்ட முனிவர் ஒருத்தரும் இல்லை. மனுசரே செய்தது." அதற்குப் பிறகு அம்மாவின் கண் இளவரசி மேலும் இல்லை, இளவரசன் மேலும் இல்லை. தோழி மேலே இருந்தது.

ஆ-து தான்ச்சிக் குடியில் மிஞ்சியவள். ஆற்றில் குதிக்காதவள். கண்ணால் கண்டது அத்தனையும் அவளுக்கு நினைவிருக்கிறது. தன் தலைவி தன் குடியை அழித்தவனோடு சிரித்துக் கதைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். அவனுடைய வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறாள். வாயே திறப்பதில்லை. சொன்னால் அந்தச் சிரிப்பு அன்றோடு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அவளை ஒரு பக்கப் பாத்திரமாகத்தான் தொடர் வைத்திருக்கிறது. சண்டை வந்தால் வாளெடுக்கிற பணிப்பெண். எங்களுக்கோ நாள் போகப்போக அவள்தான் கதையே என்று பட்டது. காதலர்கள் இருவரும் மறந்து தப்பிக்கொண்டார்கள். பாரம் முழுவதும் இந்த ஒருத்தியின் நெஞ்சில். அவள் செய்தது அன்பா, வஞ்சகமா? தலைவியைக் காப்பாற்றினாளா, அல்லது தன்னைப்பற்றித் தான் அறியும் உரிமையை அவளிடமிருந்து பறித்தாளா?

ஓர் இரவு, இளவரசி எதையோ கேட்க ஆ-து முகத்தைத் திருப்பிக்கொள்கிற இடத்தில், அம்மா "நிப்பாட்டு பிள்ளை" என்றார்.

மகள் நிறுத்தினாள். படம் அப்படியே உறைந்து நின்றது.

அம்மாவின் படத்தொகுப்பில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. சைக்கிளில் சாய்ந்து நிற்கிற ஒரு பையன். மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, இது யார் என்று கேட்டாள். மாமா என்றோம். எங்கே இருக்கிறார் என்றாள். கனடாவில் என்றோம். அந்த நேரத்தில் வாயில் வந்த நாடு அது. எல்லாருக்கும் ஒரு மாமா கனடாவில் இருந்தார்தானே. அதன்பின் அவள் கேட்கவில்லை. நாங்கள் திருத்தவுமில்லை. அம்மா பக்கத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர். எங்களைப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் படத்தொகுப்பை மூடி வைத்தார். பதினான்கு வருடம் அந்தக் கனடா எங்கள் வீட்டில் அப்படியே இருந்தது.

அம்மா சொல்லத் தொடங்கினார். 1987 ஒக்டோபர். ஊரடங்கு தளர்ந்த ஒரு நேரம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குப் பால்மா இல்லை என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் சைக்கிளை மட்டும் ஒருவர் உருட்டிக்கொண்டு வந்து படலையில் சாத்திவிட்டுப் போனார். முன்சில்லு நெளிந்திருந்தது. அவருக்குப் பத்தொன்பது வயது. எங்களில் ஒருவருக்கு அண்ணன், மற்றவருக்கு ஒரே வகுப்பில் படித்தவன். இவ்வளவுதான் அம்மா சொன்னது. அழவில்லை. சொல்லி முடித்ததும் தேத்தண்ணி கேட்டார்.

மகளுக்கும் அப்போது பத்தொன்பது வயது. எங்களைத்தான் பார்த்தாள்.

"கனடா எண்டு சொன்னனீங்கள்" என்றாள். தமிழில்தான் சொன்னாள். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

இரண்டு இரவு தொலைக்காட்சி போடவில்லை. எங்களுக்குள் நாங்கள் நியாயம் சொல்லிக்கொண்டோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேறென்ன சொல்வது? இங்கே பிறந்த பிள்ளை, அவளுக்கு ஏன் எங்கள் பாரம்? அவள் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகட்டும் என்றுதானே? எல்லாம் உண்மை. ஆனால் ஐந்து வயதுக்குச் சொன்ன பதிலைப் பத்து வயதிலும், பதினைந்து வயதிலும் ஏன் மாற்றவில்லை என்பதற்கு எங்களிடம் நியாயம் இருக்கவில்லை. அவளைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு நாங்கள் எங்களைத்தான் காப்பாற்றி வந்திருக்கிறோம். சொல்லாமல் இருந்தால் நாங்களும் அந்த முன்சில்லை இன்னொருமுறை பார்க்கத் தேவையில்லை அல்லவா. அந்த இரண்டு இரவும் ஆ-துவை நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டோம். அவளுடைய மௌனத்தைத் தியாகம் என்று மெச்சியவரும் நாங்கள்தான். அதற்குள் பயமும் கலந்திருக்கலாம் என்று முதன்முறையாகத் தோன்றியது.

மூன்றாம் இரவு மகளே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமாவின்ரை பேர் என்ன?"

அம்மா பெயரைச் சொன்னார். வீட்டில் கூப்பிடுகிற பெயரையும் சொன்னார். பிறகு, "சரி, போடு" என்றார்.

* * *

அதன்பின் தொடர் விரைவாகச் சரிகிறது. இளவரசிக்கு நினைவு திரும்புகிறது. தன் பக்கத்தில் படுத்திருப்பவன் யார் என்று தெரிகிறது. இளவரசனுக்கும் நினைவு திரும்புகிறது. அவனை அவளால் கொல்லவும் முடியவில்லை, அவனோடு வாழவும் முடியவில்லை. தப்பித் தன் நாட்டு எல்லைக்கு ஓடுகிறாள். அவன் படையோடு பின்தொடர்கிறான். இருபுறமும் படைகள் எதிரெதிரே நிற்க, போர் இத்தோடு நிற்கட்டும் என்று எல்லாருக்கும் முன்னால் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறாள். அவன் பேரரசனாகித் தனியே மிஞ்சுகிறான்.

மகள் அழுதாள். எங்களுக்கும் தொண்டை அடைத்தது. பெங் சியாவ்ரானின் நடிப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பாலைவனத்துப் பெண்ணுக்கும், அரண்மனைப் பெண்ணுக்கும், நினைவு திரும்பிய பெண்ணுக்கும் மூன்று வேறு கண்கள் வைத்திருந்தார். கடைசிப் பாகங்களில் அவர் சிரிக்கிற காட்சிகள்தான் அழுகிற காட்சிகளைவிடப் பார்க்க முடியாதவை.

அம்மா மட்டும் அழவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"நினைவு வந்தால் சாகத்தான் வேணுமோ? எனக்கு அவனை நினையாமல் ஒரு நாள் விடிஞ்சதில்லை. நான் இருக்கிறன்தானே."

தொடரின் மேல் எங்களுக்கு இருந்த குறையை அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார் என்று தோன்றியது. அந்தக் கதை தன் நாயகிக்கு இரண்டே வழிகளை வைத்திருந்தது. மறந்துவிட்டு வாழ்வது, அல்லது நினைவு வந்து சாவது. கதைக்கு அது அழகாக இருக்கிறது, பார்ப்பவர்களை அழ வைக்கிறது. ஆனால் காவோசாங்கில் 640க்குப் பிறகும் சனங்கள் இருந்தார்கள். காணி உழுதார்கள், கடன் வாங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், இறந்தவர்களுக்குக் காகிதச் சப்பாத்துப் போட்டுப் புதைத்தார்கள். அவர்கள் எல்லோரும் மறந்துவிட்டவர்களாக இருந்திருக்க முடியாது. மூன்றாவது வழியொன்றில்தான் பெரும்பாலான மனிதர்கள் நடக்கிறார்கள். நினைத்துக்கொண்டே இருப்பது. அதைத் தொலைக்காட்சியில் 50 பாகத்துக்கு எடுக்க முடியாது. காலையில் எழும்பித் தேத்தண்ணி வைப்பதை யார் பார்ப்பார்கள்?

அந்த வழியில் நடப்பவர்களுக்கு ஒன்று மட்டும் தேவைப்படுகிறது. சொல்வதற்கு ஓர் ஆள். அம்மாவுக்கு அந்த ஆள் வெகுநாளாய் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். நாங்கள்தான் கனடாவை நடுவில் வைத்திருந்தோம்.

இப்போது அந்தச் சைக்கிள் படம் வரவேற்பறையில், மகளின் பள்ளிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சட்டம் போடுமுன் பின்பக்கத்தில் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதுகிறேன் என்று மகள் வாங்கிக்கொண்டாள். அரை மணித்தியாலம் எடுத்தது. ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. திருத்துவோமா என்று நாங்கள் அம்மாவைப் பார்த்தோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டுதரம் வாசித்தார்.

"விளங்குதுதானே" என்றார். "அப்பிடியே போடுங்கோ."